பெரிய மேப்பா, பிணைந்த மேப்பா? ஓப்பன் வேர்ல்ட் கேம்கள் புகழுக்கு ஏற்றபடி இருக்கின்றனவா?

தூரத்தில் தெரிகிற மலைக்கு நடந்தே போகலாம் என்பதுதான், பரந்த உலகத்தில் நினைத்தபடி சுற்றவிடும் ஓப்பன் வேர்ல்ட் கேம்கள் எப்போதும் கொடுக்கும் வாக்கு. போகலாம்தான். ஆனால் போகிற வழியில் ஆடுவதற்கு ஏதாவது இருக்கிறதா, இல்லை கன்ட்ரோலரின் ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா? இந்த ஒரு கேள்வியை வைத்து உரசிப் பார்த்தால் பெரும்பாலான ஓப்பன் வேர்ல்ட் கேம்கள் தேறுவதில்லை. ஒரு கேமுக்கு முப்பது நாற்பது மணி நேரம் ஒதுக்க முடிகிற ஒருவர் யோசனை கேட்டால், 'ஆர்க்கம் அசைலம்' (2009), 'டார்க் சோல்ஸ்' (2011), 'ப்ரே' (2017) மாதிரியான உலகங்களைத்தான் முதலில் கைகாட்டுவேன். அளவில் சிறியவை, ஆனால் ஒவ்வொரு மூலையும் இன்னொரு மூலையோடு பிணைந்தவை.

இங்கே பேசுவது தனியாக ஆடும் கேம்களைப் பற்றி மட்டும். நண்பர்களோடு சேர்ந்து ஆடும் சர்வைவல் கேம்களில் காலி நிலம்கூட வீடு கட்டவும் பேசிக்கொண்டே சுற்றவும் உதவும். அங்கே அளவுகோல் வேறு.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடலாம். நின்று ரசிக்கும் காட்சிகள், மொத்த மணி நேரம், நினைத்த திசையில் போகும் சுதந்திரம் ஆகியவற்றில் ஓப்பன் வேர்ல்டுக்கே வெற்றி. கதையின் வேகத்தில் அதற்குத் தோல்வி. 'தி விட்சர் 3'-இல் காணாமல்போன வளர்ப்பு மகளைத் தேடி அலையும் தந்தை ஊருக்கு ஊர் உட்கார்ந்து சீட்டாடலாம்; அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டுத் திரும்பி வந்து தொடர்வதும் சின்ன உலகத்தில்தான் எளிது. பாதி முடிந்த பதினைந்து குவெஸ்ட்களின் (கேம் தரும் பணிகளின்) பட்டியலைப் பார்த்து மலைத்து நிற்க வேண்டியதில்லை.

முடிவைத் தீர்மானிப்பது தூரம். அதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். நாலு கிலோமீட்டருக்கு நாலு கிலோமீட்டர் மேப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாத்திரம் நொடிக்கு ஆறு மீட்டர் ஓடுகிறது. 100 மீட்டருக்கு ஒன்று என்று எதையாவது வைத்தால் ஏறக்குறைய 17 நொடிக்கு ஒருமுறை ஏதோ நடக்கும். ஆனால் அதற்கு 1,600 இடங்களை வடிவமைக்க வேண்டும். 250 மீட்டருக்கு ஒன்று என்று தளர்த்தினால் 256 இடங்கள் போதும், இடைவெளி 42 நொடியாகிவிடும். இப்போது மேப்பின் பக்கத்தை இரட்டிப்பாக்கி, 'நாலு மடங்கு பெரிய உலகம்' என்று விளம்பரப்படுத்துங்கள். அதே 42 நொடி இடைவெளியைக் காப்பாற்றவே 1,024 இடங்கள் தேவை. எந்த ஸ்டுடியோவாலும் ஆயிரம் இடங்களை ஒன்றுக்கொன்று வேறாகக் கையால் செதுக்க முடியாது. ஆகவே பத்துப் பதினைந்து வகைகளைச் செய்துவிட்டு நகலெடுத்துத் தூவுகிறார்கள். அதே கொள்ளையர் முகாம், அதே பாழடைந்த கோட்டை, அதே பெட்டி. நகல்கள் கண்ணில் படாமல் போய்விடுமோ என்று மேப்பில் குறி போடுகிறார்கள். குறி போட்டதும் ஆடுபவரின் கண் நிலத்தை விட்டுத் திரையோரச் சின்ன வரைபடமான மினிமேப்புக்குப் போய்விடுகிறது. அத்தனை செலவில் செய்த மலையும் காடும் அந்தக் கணமே வெறும் பின்னணி ஆகிவிடுகின்றன.

'விட்சர் 3'-இன் ஸ்கெல்லிகே கடற்பரப்பு இதற்கு நல்ல சாட்சி. மேப் முழுக்கக் கேள்விக்குறிகள். படகில் போனால் மிதக்கும் பீப்பாய்கள், மேலே வட்டமிடும் சைரன் என்ற பறக்கும் அரக்கிகள், உள்ளே விற்றுக் காசாக்கும் சாமான். அடுத்த கேள்விக்குறியிலும் அதுவேதான். பக்கக் கதைகளை அவ்வளவு நுட்பமாக எழுதிய அதே கேமில்தான் இதுவும் இருக்கிறது. எழுத்தாளர்களுக்குத் திறமை இல்லாததால் வந்த குறையல்ல இது. பரப்பளவு கேட்ட விலை.

ஒரே கைகள் இரண்டு விதமாகவும் செய்த கேம்களை ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். பேட்மேன் கேமான 'ஆர்க்கம் அசைலம்' நடப்பது ஒரு தீவில், சில கட்டடங்களுக்குள். புதுக் கருவி கையில் கிடைத்ததும் முன்பு எட்டாமல் விட்டுவந்த காற்றுக் குழாயோ உடைக்க முடியாத சுவரோ நினைவுக்கு வரும். அங்கே திரும்பிப் போவதே ஒரு புதிர். அதில் ரிட்லர் என்ற வில்லன் வைத்த புதிர்ச் சவால்கள் 240. அடுத்து வந்த 'ஆர்க்கம் சிட்டி' (2011) நகரத்தைத் திறந்துவிட்டது, சவால்களை 440 ஆக்கியது. கூரைக்குக் கூரை பறப்பது அருமையான அனுபவம், அதை மறுக்க முடியாது. ஆனால் கூரை மூலைகளில் மினுங்கும் பச்சைக் கேள்விக்குறிகள் ஒரு கட்டத்துக்குமேல் புதிராக இல்லாமல் பொறுக்கும் வேலையாகிவிடுகின்றன.

பதுங்கிப் பதுங்கி ஊடுருவும் 'மெட்டல் கியர் சாலிட்' வரிசையிலும் இதே கதைதான். 'கிரவுண்ட் ஜீரோஸ்' (2014) கேம்ப் ஒமேகா என்ற ஒரே முகாமை வைத்துக்கொண்டு பல பணிகளைத் தருகிறது. முதன்மைப் பணி மழை இரவில். இருட்டு உங்கள் பக்கம். அதே முகாமுக்குள் பகலில் நுழையும் பணி வரும்போது, ராத்திரி பதுங்கிய மறைவிடம் வெட்டவெளியாகத் தெரியும். மனப்பாடமான வரைபடத்தை மறுபடி யோசிக்க வேண்டும். 'தி பாந்தம் பெய்ன்' (2015) அதே இயக்க முறையை இன்னும் செம்மையாக்கி ஆப்கானிஸ்தான் பரப்பில் விட்டது. அதன் பெரிய தளங்கள் இந்த வகையிலேயே உச்சம். ஆனால் ஒரு தளத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே இருப்பது குதிரைச் சவாரியும், இரண்டு மூன்று காவலர்கள் நிற்கும் சாலைச் சாவடிகளும்தான். திரும்ப அந்த வழியே வந்தால் அதே சாவடிகள் மறுபடியும்.

ஓப்பன் வேர்ல்ட் கேம்களில் கொண்டாடப்படும் இடங்களை வரிசையாக யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவை அதற்குள் இருக்கும் மூடிய இடங்கள்தான். 'எல்டன் ரிங்' (2022) என்றதும் ஸ்டார்ம்வேல் கோட்டையும் ரயா லுகாரியா கல்விக்கூடமும் லெய்ண்டெல் தலைநகரும் நினைவுக்கு வரும். ஸ்டார்ம்வேலின் முன்வாசலில் அம்பு மழை. காவல்காரன் காட்டும் பக்கவாட்டு வழியில் போனால் சுவர் விளிம்புகளில் ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டு வழிகளும் பின்னால் ஒன்றுசேர்கின்றன. வெளி நிலத்திலோ எர்ட்ரீ அவதார் என்ற எதிரி மறுபடி மறுபடி வருகிறது, பாதாளக் கல்லறைகளில் அதே காவல் நாய்ச் சிலை பாஸ் (பெரிய எதிரி) திரும்பத் திரும்ப எழுந்து நிற்கிறது.

பிணைந்த மேப் தூரத்தை எப்படிக் கையாள்கிறது என்பதற்கு 'டார்க் சோல்ஸ்' தொடக்கமே போதும். ஃபயர்லிங்க் சன்னதியிலிருந்து கிளம்பி அன்டெட் பர்க் வழியே ஏறுகிறீர்கள். பாலத்தில் டிராகன் நெருப்பு, குணப்படுத்தும் குடுவைகள் தீர்ந்த நிலை, தேவாலயத்தில் கவசம் போட்ட வீரர்கள். வந்த வழியே திரும்புவதை நினைத்தாலே அலுப்பாக இருக்கும் நேரத்தில் தேவாலயத்தின் ஓரத்தில் ஒரு லிஃப்ட். ஏறி நின்றால் கீழே இறங்குகிறது, கதவுக்கு வெளியே அதே ஃபயர்லிங்க். இவ்வளவு நேரமும் தலைக்கு நேர் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் விளங்கும். இந்த இன்பத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஃபாஸ்ட் டிராவல் (போன இடத்துக்கு நொடியில் தாவும் வசதி) கையில் இருக்கக் கூடாது. கேமின் நடுப்பகுதியில் லார்ட்வெசல் என்ற பொருள் கிடைக்கும்வரை அது இல்லை, அதனால்தான் ஒவ்வொரு குறுக்குவழிக்கும் மதிப்பு. அடுத்த பாகம் (2014) ஃபாஸ்ட் டிராவலை முதலிலிருந்தே கொடுத்தது. இடங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டிய அவசியமே குறைந்துபோனது.

வழி சொல்லும் முறையும் இதோடு சேர்ந்ததே. 'மாரோவிண்ட்' (2002) அளவில் பெரிய ஓப்பன் வேர்ல்ட். ஆனால் போக வேண்டிய இடத்தைக் காட்டும் குவெஸ்ட் மார்க்கர் கிடையாது. ஆட்கள் வாயால் வழி சொல்வார்கள், அது ஜர்னல் என்ற குறிப்பேட்டில் பதிவாகும், சாலைப் பலகையையும் மலை வடிவத்தையும் பார்த்து நீங்கள் போக வேண்டும். அதே வரிசையில் அடுத்து வந்த 'ஆப்லிவியன்' (2006) திசைகாட்டியில் மார்க்கர் வைத்தது, கண்டுபிடித்த எந்த இடத்துக்கும் மேப்பிலிருந்தே தாவவும் விட்டது. மார்க்கர் வந்த பிறகு வழியை எழுத்தில் சொல்ல யாருக்கும் அவசியம் இல்லை. அதனால்தான் அதற்கும் அடுத்த 'ஸ்கைரிம்' (2011) ஆடும்போது குவெஸ்டை ஜர்னலில் அணைத்துவிட்டு மார்க்கர் இல்லாமல் ஆடிப் பார்க்கிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இன்ன குகையில் இன்ன பொருள் என்பதோடு பல குறிப்புகள் நின்றுவிடும். குகை எந்தத் திசையில் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

எங்கும் போகலாம் என்றால் எதிரியின் பலத்தை எப்படி நிர்ணயிப்பது என்ற சிக்கலும் கூடவே வரும். 'ஆப்லிவியன்' எல்லாவற்றையும் உங்கள் லெவலோடு ஏற்றியது. கடைசியில் வழிப்பறிக் கொள்ளையர்கூட விலைமதிப்பற்ற கண்ணாடிக் கவசம் போட்டு நிற்பார்கள். 'எல்டன் ரிங்' ஏற்றவில்லை. தொடக்க நிலத்துக்குப் பக்கத்திலேயே கேலிட் என்ற ஆபத்தான பகுதி இருக்கிறது, தப்பித் தவறி நுழைந்தால் இரண்டு அடியில் கதை முடியும். இரண்டாவது முறைதான் சரி, நிலத்துக்கு ஒரு குணம் கிடைக்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு: தாமதமாக ஒரு சின்னக் குகைக்குள் போனால் பாஸ் கண் இமைக்கும் முன் செத்துவிடும்.

தேறிய ஓப்பன் வேர்ல்ட்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' (2017) நிலத்தையே முக்கோண வடிவங்களில் அமைத்தது. எதிரே முக்கோண மேடு இருந்தால் ஏறிக் கடப்பதா சுற்றிப் போவதா என்று உடனே ஒரு தேர்வு வருகிறது. மேடு பின்னால் இருப்பதை மறைத்து, நீங்கள் நகர நகர அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுகிறது. அதன் கோபுரங்களில் ஏறினால் நிலப்பரப்பு மட்டும்தான் வரும், குறிகள் கொட்டாது. மேலே நின்று தொலைநோக்கியில் பார்த்து எங்கே குறி வைப்பது என்று நீங்களே முடிவெடுக்க வேண்டும். ஏறுவதற்கு ஸ்டாமினா (தீரத் தீர நிற்க வைக்கும் தெம்பு), மழை பெய்தால் வழுக்கல் என்று தூரமே விளையாட்டாகிறது. இருந்தும் 120 புதிர்ச் சன்னதிகளும் ஒளித்துவைத்த 900 கோரோக் விதைகளும் வரும்போது அங்கேயும் நகல் தலைகாட்டுகிறது. 'டெத் ஸ்ட்ராண்டிங்' (2019) இன்னும் ஒரு படி மேலே போய், முதுகில் சுமையோடு சரிவில் தடுமாறாமல் நடப்பதையே முழு ஆட்டமாக்கியது. 'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019) ஒரு சூரியக் குடும்பத்தையே திறந்துவிடுகிறது, ஆனால் கோள்கள் சில நிமிடங்களில் சுற்றிவிடும் அளவுக்குச் சிறியவை. 22 நிமிடத்தில் எல்லாம் முடிந்து மறுபடி தொடங்கும். மிஞ்சுவது நீங்கள் தெரிந்துகொண்டது மட்டுமே. கூர்ந்து பார்த்தால் அதுவும் பிணைந்த மேப்தான்.

வாங்கும் முன் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கேமின் தொடக்கத்தைக் காட்டும் வீடியோவைப் பார்க்காதீர்கள், தொடக்கம் எப்போதும் கையால் செதுக்கியதாகவே இருக்கும். பத்தாவது மணி நேரத்துக்குப் பிறகு, வெட்டாமல் ஆடிய இருபது நிமிடத்தைப் பாருங்கள். ஒரு இடத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஆடுபவர் ஏதாவது முடிவெடுக்கிறாரா, மினிமேப்பையே பார்த்து ஓடுகிறாரா என்று கவனியுங்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஓப்பன் வேர்ல்ட் கேம்களுக்கு அந்த அவகாசம் போதாது. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' (2018) முதல் அத்தியாயம் முழுக்கப் பனிமலையில் கைபிடித்து அழைத்துப் போகும், திறந்த உலகம் கண்ணில் படுவதற்குள் அந்த இரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அமைப்புகளை மாற்றியே நிறைய மீட்கலாம். 'ரெட் டெட் 2'-இல் கன்ட்ரோலரில் டி-பேடின் (திசைப் பொத்தான்களின்) கீழ்ப்பொத்தானை அழுத்திப் பிடித்து மினிமேப்பைத் திசைகாட்டியாக மாற்றுங்கள். 'அசாசின்ஸ் கிரீட் ஒடிஸி' (2018) தொடங்கும்போதே எக்ஸ்ப்ளோரேஷன் மோடைத் தேர்ந்தெடுங்கள். குறிக்குப் பதிலாக, இன்ன ஊருக்குத் தெற்கே என்ற மாதிரித் துப்புகள் வரும், கழுகை அனுப்பித் தேட வேண்டும். 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' (2020) காற்று வீசும் திசையாலேயே வழிகாட்டுகிறது, அங்கே எதையும் தொட வேண்டாம். 'விட்சர் 3'-இல் கேள்விக்குறிகளை விட்டுவிட்டு ஆச்சரியக்குறிகளுக்கு மட்டும் போங்கள். கதைகள் அங்கேதான் இருக்கின்றன. 'எல்டன் ரிங்'-இல் மினிமேப் கிடையாது, ஆகவே வேலை வேறு: இன்னும் திறக்காத பகுதியின் மேப்பில் சின்னக் கல்தூண் குறி இருக்கும் இடத்துக்கு முதலில் போய் மேப் துண்டை எடுங்கள். அதன்பின் ஆயுதத்தை உயர்த்தும் கற்களுக்காகச் சுரங்கங்களில் இறங்குங்கள். பாதாளக் கல்லறைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஆவித் துணைகளும் அவற்றை வலுப்படுத்தும் பூக்களும்தான். ஆவிகளை அழைத்துச் சண்டை போடாதவர்கள் அவற்றைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.