லேசர் ஸ்பீட் கன்: மெட்ரோ போலீசுக்கு நன்கொடையாகக் கொடுக்கலாமா?

டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் வண்டிகள் பறப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால், "நாமே காசு சேர்த்து மெட்ரோ போலீசுக்கு ஒரு ஸ்பீட் கன் (வேகம் அளக்கும் கருவி) வாங்கிக் கொடுத்தால் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். கொடுக்கலாம். ஆனால் கருவியை மட்டும் கொடுத்தால் அது அலமாரியில்தான் இருக்கும். ஏன் என்று புரிய, முதலில் கருவியைப் பார்ப்போம்.

கையில் பிடிக்கும் லேசர் வகை 905 நானோமீட்டர் அகச்சிவப்புத் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிறது. சுமார் 0.3 விநாடிக்குள் பல முறை அளந்து, தூரம் மாறும் விதத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறது. இதன் பெரிய பலம் ஒடுக்கமான கதிர். 3 மில்லிரேடியன் விரிவுள்ள கருவியில் 300 மீட்டர் தொலைவில் கதிரின் அகலம் 0.9 மீட்டர்தான். 12 டிகிரி விரிவுள்ள ராடார் அதே தொலைவில் ஏறக்குறைய 63 மீட்டர் அகலத்தை மூடும். ஹிக்கின்சன் ஹைவே போல நெருக்கி ஓடும் சாலையில் மினிபஸ் டாக்ஸியின் வேகமா, பக்கத்து லேன் பக்கியின் (சிறு டிரக்கின்) வேகமா என்ற வாதத்துக்கு லேசரில் இடம் குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே ராடாரை விட லேசரைத் தேர்ந்தெடுக்கலாம்.

தவறு நடப்பது பெரும்பாலும் நிற்கும் இடத்தில். சாலையிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்று, 100 மீட்டர் தூரத்தில் 135 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியைப் பிடித்தால் 134 காட்டும். அதே வண்டி 21 மீட்டர் தூரத்துக்கு நெருங்கியபின் பிடித்தால், கதிருக்கும் வண்டி வரும் திசைக்கும் இடையிலுள்ள கோணம் 25 டிகிரி ஆகி, 122தான் காட்டும். 120 எல்லையுள்ள சாலையில் வழக்கமாக விடும் 10 கி.மீ. சலுகைக்குள் அது விழுந்துவிடும், ஓட்டுநர் தப்பினார். கோணப் பிழை எப்போதும் ஓட்டுநருக்குச் சாதகம். ஆனால் சறுக்கல் பிழை அப்படியல்ல. கை ஆடி, கதிர் நம்பர் பிளேட்டிலிருந்து வண்டியின் முன் கண்ணாடிக்கு 1.5 மீட்டர் நகர்ந்தால், 0.3 விநாடியில் அது மணிக்கு 18 கி.மீ. பிழை. எதிரே வரும் வண்டியில் இது குறைத்துக் காட்டும். கண்ணாடியிலிருந்து பிளேட்டுக்கு இறங்கினால் கூட்டிக் காட்டும். நல்ல கருவி இப்படிப்பட்ட சீரற்ற அளவை நிராகரித்துப் பிழைக் குறி காட்டும். வாங்கும் முன் இதை நேரில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மழையிலும் மூடுபனியிலும் எட்டும் தூரம் சுருங்கும். முன்பக்கம் பிளேட் இல்லாத மோட்டார் சைக்கிளில் முன்விளக்கைக் குறிவைக்க வேண்டும்.

ஒவ்வொரு பணி நேரத்துக்கும் முன்னும் பின்னும் மூன்று சோதனைகள்: திரையும் உள்சோதனையும், ஒரு விளக்குக் கம்பத்தின் மேல் கதிரைக் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்திக் குறிநோக்கியின் நேர்த்தி, ஸ்டீல் டேப்பால் அளந்து குறித்த இரண்டு இடங்களுக்குத் தூரச் சோதனை. நேரமும் கையெழுத்தும் பதிவேட்டில் ஏறாவிட்டால் நீதிமன்றத்தில் அந்தச் சோதனை நடக்கவே இல்லை என்றுதான் பொருள். இதற்கு மேல், சானாஸ் (தென்னாப்பிரிக்காவின் தேசிய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் கேலிப்ரேஷன் (அளவு சரியா என்ற சோதனை) சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். நன்கொடைத் திட்டங்கள் செத்துப்போவது இங்கேதான்: முதல் சான்றிதழ் கருவியோடு வரும், அடுத்ததற்குப் பணம் யார் தருவது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கு மத்திய அரசு தரும் பிரிவு 402 மானியம் இதில் கொஞ்சம் தெளிவு. 1966ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்தது. அங்கே விபத்துத் தரவைக் காட்டித்தான் திட்டம் போட வேண்டும். சோதித்துத் தேறிய ராடார், லேசர் மாடல்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதைப் பன்னாட்டுக் காவல்துறைத் தலைவர்கள் சங்கம் பராமரிக்கிறது. விலை உயர்ந்த கருவிக்கு முன் அனுமதி வேண்டும். நீண்ட காலம் அந்த எல்லை 5,000 டாலராக இருந்தது. தானியங்கிக் கேமராவுக்கு இந்தப் பணம் செல்லாது, 2021 சட்டத்துக்குப் பின் பள்ளிப் பகுதியிலும் சாலைப்பணி நடக்கும் இடத்திலும் மட்டும் விலக்கு. குறை: செலவழித்த பிறகே பணம் திரும்ப வரும் என்பதால், சிறிய காவல் நிலையங்கள் முதலில் கையிலிருந்து போட வேண்டும்.

நம்மூரில் இதைப் பின்பற்ற விரும்பும் சங்கங்கள் கருவி, முக்காலி, இரண்டு உபரி பேட்டரி, ஐந்து ஆண்டுக் கேலிப்ரேஷன், குறைந்தது நான்கு அதிகாரிகளுக்குப் பயிற்சி எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி கருவி சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். நன்கொடையாளர் நகராட்சிக்குப் பொருளோ சேவையோ விற்பவராக இருந்தால், 2005 கொள்முதல் விதிகளின் 48ஆம் விதிப்படி தேசிய, மாகாணக் கருவூலங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இதை மறைத்தால் பிறகு தலைவலி. "எங்கள் தெருவிலேயே நிறுத்துங்கள்" என்ற நிபந்தனை போடவே போடாதீர்கள். அபராதத் தொகையில் பங்கு கேட்பது அதைவிட மோசம்.

கேமரா இல்லாத மாடல் போதும். அதைக் கொண்டு வண்டியை அங்கேயே நிறுத்தி, 1977ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம் 56ஆம் பிரிவின் அபராத அறிவிப்பைக் கையில் கொடுக்கலாம். கருவியைக் குறிவைக்கும் ஆள் ஒருவர், நிறுத்தும் ஆட்கள் தனி, பாதுகாப்பாக ஒதுங்க இடம்: இவை கட்டாயம். கேமரா மாடலில் அறிவிப்பு அதே சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி தபாலில் போகும். நம் தபாலின் லட்சணம் தெரியும்தானே. படங்களைச் சரிபார்க்கவும் முகவரி தேடவும் தனி அலுவலகமே வேண்டும். அதை நன்கொடையாகக் கொடுக்க வேண்டாம்.

பணம் குறைவு என்றால், பள்ளி வாசலில் வேகத்தைக் காட்டும் சோலார் பலகை நல்ல தேர்வு. அது யார் மேலும் வழக்குப் போடாது, ஆகவே கேலிப்ரேஷன் சான்றிதழ், சோதனைப் பதிவேடு எதுவும் தேவையில்லை. கம்பம் நட நகராட்சியின் அனுமதியும், பேட்டரி திருடு போகாத பூட்டும் போதும்.