கோபுரம் இல்லாத மதுரை: ஒரு படக்கதைப் புத்தகமும் ஒரு சுவரும்

தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் 150 ரூபாய்க்கு இந்தப் படக்கதைப் புத்தகத்தை வாங்கினேன். கறுப்பு வெள்ளையில் 64 பக்கங்கள். வரைந்தவர் நம் ஊர்க்காரர். வைகைக் கரையோரம் ஒரு நீண்ட சுற்றுச்சுவரில் ஆற்றுத் திருவிழாவை வரைந்தவரும் இவரே. மதுரை என்றவுடன் கோபுரத்தை அட்டையில் ஏற்றும் வழக்கத்தை அவர் பின்பற்றவில்லை. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குள் நுழைந்து இன்னும் நிற்காத ஒரு பேருந்தின் சன்னல்கள் வழியாக இடம் பிடிப்பதற்காகத் துண்டு, மஞ்சள் பை, குடை என்று வரிசையாக உள்ளே விழுந்துகொண்டிருக்கும் காட்சியே அட்டைப்படம். அதைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிட்டேன்.

புத்தகத்தின் உயிர் இரண்டாவது கதையில் இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தண்ணீர் பீய்ச்சுவதற்கு நேர்ந்துகொண்ட ஒரு முதியவர், தமக்கு ஆண்டுதோறும் உடை தைத்துக் கொடுத்த தையல்காரரைத் தேடி, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே தையல் கடைகள் இருந்த புதுமண்டபத்துக்கு வருகிறார். மண்டபத்தில் கடைகள் இல்லை. அவை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்ட செய்தி அவருடைய ஊருக்கு எட்டவில்லை. வழியில் கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு திசையைக் காட்ட, அவர் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக நடந்துகொண்டே இருக்கிறார். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரியும் அந்த வீதிகளைப் போலவே பக்கத்தின் கட்டங்களும் அமைந்திருக்கின்றன. கோயில் இருக்க வேண்டிய நடுக்கட்டம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. முதியவர் மூலை திரும்பும்போது எழுத்தும் திரும்புவதால், படிக்கிறவரும் புத்தகத்தைக் கையில் சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஊரின் அமைப்பைக் கதை சொல்லும் முறையாகவே மாற்றியிருக்கும் இந்த எட்டுப் பக்கங்களுக்காக மட்டுமே புத்தகத்தை இரண்டு பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையைப் பற்றிய கதையில் ஒரு சொல்கூட இல்லை. மதுரை மல்லி 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதைப் பெருமையாகப் பேசுகிறோம். அதைத் தொடுக்கும் கைகளை இவ்வளவு நேரம் நின்று பார்த்தவர்கள் குறைவு. சந்தையில் மொட்டு வாங்கிவந்து தெருவில் விற்கும் ஒரு பெண்ணின் முழங்கையே இக்கதையில் அளவுகோல். முகூர்த்த நாள் நெருங்கி விலை ஏற ஏற, அவர் அளந்து கொடுக்கும் முழம் கட்டத்துக்குக் கட்டம் சிறிது சிறிதாகக் குறுகுகிறது. கடைசிக் கட்டத்தில், பள்ளிச் சீருடையில் வந்த சிறுமிக்கு மட்டும் அது மறுபடியும் முழு நீளத்துக்கு வந்துவிடுகிறது.

உரையாடல்களில் எனக்குக் குறை உண்டு. "அங்கிட்டுப் போயி கேளுங்கண்ணே" என்பதைப் போன்ற இயல்பான பேச்சு பல இடங்களில் இருக்கும்போது, ஆட்டோ ஓட்டுநர் வரும் கதையில் மட்டும் திரைப்படங்கள் மதுரைக்காரர்களின் வாயில் திணித்த முரட்டுத் தமிழ் நுழைந்துவிட்டது. இவ்வளவு கூர்மையான செவி உடையவர் அதை ஏற்றிருக்க வேண்டியதில்லை. பேச்சுக் குமிழிகளின் எழுத்தும் மிகச் சிறியது. என் தாயார் இரண்டு பக்கங்களோடு புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சுவரோவியத்தை மாலை வெயிலில் பார்ப்பது நல்லது. அதில் அழகரோ குதிரையோ இல்லை. தோல் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுபவர், சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றி நிற்கும் பெண்கள், தகப்பனின் தோளில் தூங்கிவிட்ட குழந்தை என்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே திசையை நோக்கி நிற்கிறார்கள். அவர்கள் பார்க்கும் திசையில் நாமும் திரும்பினால் உண்மையான வைகை தெரிகிறது. பெரும்பாலான நாட்களில் அது மணலும் புல்லுமாகக் கிடக்கிறது. திருவிழாவுக்கென்று அணையைத் திறந்து தண்ணீர் விட வேண்டியிருக்கும் ஆற்றின் நிலையை இதைவிட அழுத்தமாகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

காதணி விழாச் சுவரொட்டிகளும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளும் ஒரு வெற்றுச் சுவரையும் விட்டுவைக்காத ஊர் இது. அதை அறிந்தே அவர் சுவரின் வலது கோடியில் நான்கடி அகலத்துக்கு வண்ணம் தீட்டாமல் விட்டு, "இங்கே ஒட்டலாம்" என்று எழுதியிருக்கிறார். நான் மூன்று முறை போய்ப் பார்த்தேன். சுவரொட்டிகள் எல்லாம் அந்த நான்கடிக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கீழ்ப்பகுதியில் மட்டும் ஈரம் ஏறி, கூட்டத்தின் கால்கள் உரியத் தொடங்கியிருக்கின்றன. பழைய சுண்ணாம்பை முழுவதும் சுரண்டிவிட்டு அடிப்பூச்சு கொடுத்திருந்தால் இவ்வளவு விரைவில் உரிந்திருக்காது. மழைக்காலத்துக்கு முன்பாக அவர் அந்தக் கால்களை மீண்டும் வரைய வேண்டும்.

புத்தகத்தை நேரில் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். எனக்கு முதலில் கிடைத்த பிரதியில் நடுத்தாள் தலைகீழாகப் பின்னடிக்கப்பட்டிருந்தது. சுற்றிச் சுற்றிப் படிக்க வேண்டிய அந்த முதியவரின் கதையில் அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. கொண்டுபோய்க் காட்டியதும் உடனே வேறு பிரதியைக் கொடுத்தார்கள்.