80 கிராம் என்று எழுதிய கோழிக் கணக்கை நம்பாதீர்கள்

கோழி விற்றவர் கணக்கு எழுதிக் கொடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. "100 கோழி. ஒரு கோழிக்கு 80 கிராம் தீவனம், மொத்தம் 8 கிலோ. கிலோ 35 வீதம் 280 ரூபாய். முட்டை 65, ஒன்று 10 வீதம் 650. லாபம் 370. மாதம் 11,100." கடைசி எண்ணைச் சுற்றி வட்டமும் போட்டிருக்கிறார். அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் 45,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன்.

நான் தாராபுரம் பக்கம் ஒரு மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். வீட்டை ஒட்டி ஐந்து சென்ட் சும்மா கிடந்தது. தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்தார். "அண்ணே, ஐந்து மாத நாட்டுக்கோழி, அடுத்த வாரமே முட்டைக்கு வந்துடும். தீவனம் நானே இறக்குறேன், முட்டையும் நானே எடுத்துக்கறேன். நீங்க தண்ணி மட்டும் வச்சாப் போதும்" என்றார். கோழி ஒன்று 450 ரூபாய். தீவனம் 50 கிலோ மூட்டை 1,750. தீவனத்தை வேறு இடத்தில் வாங்கினால் முட்டை எடுக்க மாட்டாராம், தரம் கெட்டுவிடுமாம்.

எங்கள் பக்கத்தில் இருக்கும் எனக்கு இந்தப் பேச்சு எங்கேயோ கேட்டதாகத் தோன்றியிருக்க வேண்டும். பெருந்துறையில் ஈமு கோழி வியாபாரம் 2012-இல் கவிழ்ந்தபோது என் மாமனார் வீட்டிலேயே பணம் போனது. அதுவும் பறவையைக் கொடுத்து, பராமரிப்புக் காசும் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்ற கதைதான். அன்றைக்கு அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஈமுவை யார் தின்பார்கள், நாட்டுக்கோழி முட்டை என்றால் எல்லாரும் வாங்குவார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோழிகள் ராத்திரி பதினொரு மணிக்கு வந்து இறங்கின. ஏன் ராத்திரி என்று கேட்டதற்கு, வெயிலில் வந்தால் களைத்துவிடும் என்றார். அது உண்மையும்கூட. ஆனால் இருட்டில் எதையும் பார்க்க முடியாது என்பதும் உண்மை. காலையில் எண்ணினால் ஒன்பது சேவல். "மாத்தித் தந்துடறேன் அண்ணே" என்றார். கடைசிவரை மாற்றவில்லை, ஒன்பதும் உட்கார்ந்து தின்றன.

முதல் மாதம் கிடைத்தது 540 முட்டை, அதாவது நாளுக்கு 18. அதில் 90 வரை ஓடு கெட்டியாகாத தோல்முட்டையும் உடைசலும். அவர் எடுத்தது 450, கைக்கு வந்தது 4,500 ரூபாய். தீவனம் எவ்வளவு போனது என்று மனைவி தினமும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தாள். நாளுக்கு 8 கிலோ இல்லை, 11 கிலோ. மாதத்துக்கு 330 கிலோ, 11,550 ரூபாய். இரண்டாம் மாதம் முட்டை நாளுக்கு 33-க்கு ஏறியது. ஆனால் பொடி முட்டை என்று கழித்துவிட்டு 800 மட்டும் எடுத்தார். மிச்சம் 190-ஐ அக்கம்பக்கத்தில் ஏழு ரூபாய்க்குக் கொடுத்தோம். இரண்டு மாத வரவு 13,830. தீவனச் செலவு மட்டும் 23,100. கரண்ட், மருந்து, மனைவியின் உழைப்பு எதையும் இதில் சேர்க்கவில்லை.

"உங்க வீட்ல அதிகமாப் போடறாங்க அண்ணே, 80 கிராமுக்கு மேல போட்டாக் கொழுப்பு கட்டி முட்டை நின்னுடும்" என்றார். நானும் வீட்டுக்குப் போய் அவளிடம் சத்தம் போட்டேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் மாதம் கால்நடை மருத்துவரை அழைத்து வந்தேன். அவர் ஒரு கோழியைத் தூக்கினார், வாயைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "இது நாட்டுக்கோழின்னு யார் சொன்னது? மூக்கு வெட்டியிருக்கு பாருங்க." ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கப் பண்ணைகளில்தான் அலகு நுனியை வெட்டுவார்கள். நாங்கள் அதைக் கவனித்திருந்தோம், கொத்திக் கொத்தித் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். காலின் செதில் சொரசொரப்பாகத் தடித்திருந்தது. பின்பக்கம் இடுப்பெலும்பு இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்துக் காட்டினார். நன்றாக முட்டையிடும் கோழிக்கு இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும், இங்கே பாதிக்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஒரு விரலே சிரமம். இது பழுப்பு முட்டையிடும் லேயர், அதாவது முட்டைக்கென்றே பண்ணையில் வளர்க்கும் கோழி, முட்டை ஓய்ந்ததும் பண்ணையில் கழித்துவிட்டது என்றார். கறிக்குப் போக வேண்டியதை எனக்கு ஐந்து மாதக் குமரி என்று விற்றிருக்கிறார்.

தீவனத்தில் ஒரு கிலோ எடுத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் கொடுக்கச் சொன்னதும் அந்த மருத்துவர்தான். முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம், சுண்ணாம்புச் சத்து மூன்றரை முதல் நான்கு சதவீதம் இருக்க வேண்டும். எனக்கு வந்த தாளில் புரதம் 12.8, சுண்ணாம்பு 1.1. வளரும் கோழிக்குப் போடுவதில் தவிட்டைக் கலந்து, மூட்டையில் லேயர் என்று அச்சடித்திருக்கிறார்கள். தோல்முட்டைக்கு அதுதான் காரணம். கடையில் கிலோ 30 ரூபாய்க்கு வாங்கிப் போட்டதும் மூன்று வாரத்தில் ஓடு கெட்டியானது. ஆனால் எண்ணிக்கை 40-ஐத் தாண்டவே இல்லை. அதற்குள் கோழி விற்றவரும் முட்டை விலையை ஆறு ரூபாயாக்கிவிட்டு, அப்புறம் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

இந்தக் கணக்கை நான் முன்பே போட்டிருக்கலாம், அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு கோழி 110 கிராம் தின்றால், 35 ரூபாய்த் தீவனத்தில் நாளுக்கு 3 ரூபாய் 85 காசு. முட்டை பத்து ரூபாய்க்குப் போனால்கூட நூற்றுக்கு 39 கோழி தினமும் இட்டால்தான் தீவனக் காசே திரும்பும். ஏழு ரூபாய் என்றால் 55 இட வேண்டும். 80 கிராமோடு நிறுத்திக்கொள்வது சின்ன உடம்பு நாட்டுக்கோழி. அது வருடத்துக்கு 60, 80 முட்டைதான் இடும், நடுவில் அடைக்கும் உட்காரும். வருடத்துக்கு 29 கிலோ தின்று 70 முட்டை இட்டால், ஒரு முட்டையின் தீவனச் செலவே பதினான்கரை ரூபாய். நூற்றுக்கு 65 இடும் கோழிக்கு 80 கிராம் பற்றாது. அந்த மனிதர் தாளில் எழுதியது நாட்டுக்கோழியின் வயிறும் லேயர் கோழியின் முட்டையும்.

எங்கம்மா வளர்த்த கோழிக்குத் தீவனம் என்று ஒரு பைசா செலவு கிடையாது. களத்தில் சிந்திய கம்பு, கறையான், சோற்றுப் பருக்கை. அதனால் 70 முட்டையும் லாபம். நாமக்கல் பண்ணைக்காரர்கள் மூட்டைத் தீவனம் வாங்குவதில்லை, மக்காச்சோளத்தை லாரியில் இறக்கிச் சொந்தமாக அரைக்கிறார்கள். கோழியும் வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. அப்படியிருந்தும் முட்டை விலையில் பத்துக் காசு குறைந்தால் புலம்புகிறார்கள். இரண்டுக்கும் நடுவில், மூட்டைத் தீவனத்தை வாங்கிப் போட்டு நூறு கோழி வளர்க்க நினைக்கிறவர்கள் முதலில் எத்தனை கிராம், நூற்றுக்கு எத்தனை முட்டை என்ற இரண்டையும், ஏற்கெனவே வளர்க்கிற ஒருவர் வீட்டு வாசலில் நின்று கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்காதீர்கள். கோழியைப் பகலில் இறக்கச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டபோது அவர் முதலில் கேட்டதே பில் எங்கே என்றுதான். என்னிடம் இருந்தது இந்த நோட்டுத் தாள், அதில் கையெழுத்துகூட இல்லை.

வெள்ளைக் கழிச்சல் நோயில் செத்தது போக மிஞ்சிய 80-ஐ, சேவலும் சேர்த்து, ஒன்று 150 என்று கறிக்கடைக்குக் கொடுத்தேன். 12,000 வந்தது.

போன வாரம் மில்லில் கூட வேலை செய்கிற தம்பி ஒருவன் போனை நீட்டி, "அண்ணா, இது சரியா வருமா பாருங்க" என்றான். அதே கையெழுத்து, அதே வட்டம். முட்டை விலையை மட்டும் 12 என்று ஏற்றியிருக்கிறார். தீவனம் 80 கிராம் அப்படியே இருக்கிறது.