தெற்குவாசல் அண்ணாச்சி கடை: கோலா கிடையாது, பொவண்டோ ஜில்லென்று கிடைக்கும்

மதுரை தெற்குவாசல் பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் சின்ன கூல்டிரிங்க்ஸ் கடை இது. கோக், பெப்சி, அந்தக் கம்பெனிகளின் தண்ணீர் பாட்டில் எதுவும் இங்கே கிடைக்காது. 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய கொஞ்ச நாளில், இஸ்ரேலின் போரை எதிர்த்து இவற்றை நிறுத்திய கடைக்கார அண்ணாச்சி, இன்றுவரை திரும்ப இறக்கவில்லை.

2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தது ஞாபகம் இருக்கும். ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூடு அது. அப்புறம் பல கடைகளில் மெல்லத் திரும்பி வந்துவிட்டது, இவர் கடையிலும்தான். “அப்ப கம்பெனி பிரிட்ஜைத் திருப்பிக் கொடுக்கல தம்பி, அதான்” என்றார். ஓசியில் தரும் பிரிட்ஜில் அவர்கள் சரக்கைத்தான் அடுக்க வேண்டும், காலியாக வைத்தால் லைனுக்கு வரும் சேல்ஸ்மேன் கேள்வி கேட்பார். இந்த முறை முதல் வேலையாக அதை எடுத்துப்போகச் சொல்லிவிட்டு, செகண்ட் ஹேண்டில் சொந்தமாக ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். போரை எதிர்க்கிறேன் என்று சொல்லும் ஒரு சிறு வியாபாரி அதற்கான செலவைத் தன் கையிலிருந்து போடுகிறார், வாடிக்கையாளர் தலையில் கட்டவில்லை. அச்சிட்ட விலைதான், ‘கூலிங் சார்ஜ்’ கிடையாது. இந்தக் கடையைப் பற்றி நான் எழுதுவதே இதற்காகத்தான்.

பொவண்டோ நல்ல ஜில். பன்னீர் சோடா, கோலி சோடா உண்டு. நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை தாராளமாகப் பிழிகிறார், வெயிலில் வண்டி ஓட்டி வந்து குடித்தால் உயிர் வரும். சர்க்கரை இல்லாமல் கேட்பவர்களுக்கு உப்பு போட்ட லெமன் சோடா மட்டும்தான்.

நான் நிற்கும்போதே ஒருவர், “நாம நாலு பாட்டில் வாங்காட்டி அங்க குண்டு நின்னுருமா?” என்று கேட்டார். நிற்காது. ஆனால் கம்பெனிகளுக்கு உறைக்கிறது. இஸ்ரேலில் மெக்டொனால்ட்ஸ் உரிமம் வைத்திருந்தவர்கள் ராணுவத்தினருக்கு இலவசச் சாப்பாடு கொடுத்ததும் பல நாடுகளில் மக்கள் அந்தக் கடைகளுக்குப் போவதை நிறுத்தினார்கள். வியாபாரம் அடிபடுவதை 2024 ஜனவரியில் தலைமை அதிகாரியே ஒப்புக்கொண்டார், ஏப்ரலில் இஸ்ரேலில் இருந்த 225 உணவகங்களையும் தலைமை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. வீட்டிலேயே சோடா போடும் மெஷின் செய்யும் இஸ்ரேல் கம்பெனி சோடாஸ்ட்ரீம், இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் வைத்திருந்த தொழிற்சாலையை 2015-ல் மூடியது. கம்பெனி வேறு காரணம் சொன்னது, சரி, ஆனால் புறக்கணிப்பு பல வருடம் அதைத்தான் குறிவைத்திருந்தது. 2018-ல் அந்த சோடாஸ்ட்ரீமை 320 கோடி டாலருக்கு வாங்கியது பெப்சிகோ.

குறை ஒன்று உண்டு. சுவரில் ஒட்டியிருக்கும் வாட்ஸ்அப் பட்டியல். சோப்பு முதல் பிஸ்கட் வரை நூறு பெயர், கூடவே ‘பார்கோடு 729 என்றால் வாங்காதே, 890 என்றால் வாங்கலாம்’ என்று ஒரு வரி. 729 இஸ்ரேலுக்கான எண், 890 இந்தியாவுக்கானது. அந்த எண் கம்பெனி எந்த நாட்டில் பதிவு செய்திருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். இங்கே விற்கும் கோக் பாட்டிலிலேயே 890 தான் இருக்கிறது. 2005-ல் இந்தப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்த பாலஸ்தீன இயக்கத்தினரே, எல்லாவற்றையும் ஒதுக்காமல் நேரடித் தொடர்புள்ள சில கம்பெனிகளைக் குறிவைக்கத்தான் சொல்கிறார்கள். நூறு பெயரைப் பார்த்தால் யாருக்கும் மலைப்புதான் வரும், நாலு பெயர் என்றால் மனதில் நிற்கும். அண்ணாச்சியிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இன்னும் கிழிக்கவில்லை, அடுத்த முறை போகும்போது மறுபடி சொல்வேன்.

வண்டியைப் பாலத்தடியில் விட்டுவிட்டு நடந்து போவது நல்லது, சந்துக்குள் திருப்ப இடம் கிடையாது. ஜி-பே உண்டு.