வேகத்துக்கு விலை பத்தாயிரம் டன்

அமெரிக்கப் போர்க்கப்பல் என்றதும் பலருக்கும் அயோவா வகைதான் நினைவுக்கு வரும். 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்டது அந்த வகையைச் சேர்ந்த மிசௌரியின் மேல்தளத்தில் என்பதால், அந்தப் புகழில் வியப்பில்லை. ஆனால் நார்த் கரோலினா, சவுத் டகோட்டா, அயோவா என்று அடுத்தடுத்து வந்த மூன்றையும் வரைபட மேசையில் வைத்துப் பார்த்தால், என் ஓட்டு நடுவில் இருப்பதற்குத்தான்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு கட்டுப்பாடு, பனாமா கால்வாய். கப்பலை ஏற்றி இறக்கும் அதன் மதகறைகளின் அகலம் 110 அடி. மூன்று வகையும் ஏறக்குறைய 108 அடி. பக்கத்துக்கு ஓர் அடிகூட மிஞ்சாது. எனவே அகலத்தில் கை வைக்க முடியாது; விளையாட்டெல்லாம் நீளத்தில்தான்.

நார்த் கரோலினாவின் நீளம் 222 மீட்டர். 14 அங்குலப் பீரங்கிகளுக்காகத் திட்டமிட்ட கப்பல் அது. கப்பலுக்கு 35,000 டன், பீரங்கிக்கு 14 அங்குலம் என்று வரம்பு வைத்த லண்டன் கடற்படை ஒப்பந்தத்துக்கு ஜப்பான் வராததால், கடைசி நேரத்தில் ஒன்பது 16 அங்குலப் பீரங்கிகளுக்கு மாறினார்கள். கவசமோ 14 அங்குலக் குண்டைத் தாங்கும் கணக்கிலேயே நின்றுவிட்டது. அடிக்கிற அளவுக்கு அடி வாங்க முடியாத கப்பல்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் சவுத் டகோட்டா. அதே 35,000 டன் வரம்பு, அதே பீரங்கிகள், ஆனால் 16 அங்குலக் குண்டைத் தாங்க வேண்டும். எப்படி? கப்பலையே 207 மீட்டராகக் குறுக்கினார்கள். காக்க வேண்டிய நீளம் குறைந்தால் அதே எடையில் கனமான கவசம் போடலாம். பக்கக் கவசத்தை வெளித்தோலுக்கு உள்ளே, 19 பாகை சாய்த்து வைத்தார்கள். கிடையாக வரும் குண்டுக்குச் சாய்ந்த தகடு கூடுதல் தடிமனாகவே தெரியும். குட்டையான கப்பல் வேகமாக ஓடாது என்பது பொதுவிதி; இயந்திரங்களை நெருக்கி அடுக்கி 27 நாட் (மணிக்கு 27 கடல்மைல்) வேகத்தையும் பிடித்துவிட்டார்கள். இதற்கான விலையைக் கொடுத்தவர்கள் மாலுமிகள். உள்ளே அவ்வளவு இட நெருக்கடி. உட்கவசம் அடிபட்டால் பழுது பார்ப்பதும் பெரும்பாடு.

1942 நவம்பர் 14 இரவு, பசிபிக்கில் குவாடல்கனால் தீவு அருகே இரண்டு வகையும் ஒன்றாகவே சண்டைக்குப் போயின. சவுத் டகோட்டாவில் மின்சாரம் போய் ரேடார் குருடானது. எதிரியின் தேடுவிளக்குகள் அதன் மேல் விழ, இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகள் தாக்கின. மேற்கட்டுமானம் சிதைந்தது, முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் கவசத்துக்குள் இருந்த இயந்திரங்களுக்கும் வெடிமருந்து அறைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே நேரம் நார்த் கரோலினா வகையான வாஷிங்டன், ரேடார் உதவியோடு சுமார் 8 கிலோமீட்டரிலிருந்து சுட்டு, ஜப்பானியப் போர்க்கப்பல் கிரிஷிமாவைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டது. கிரிஷிமா முதல் உலகப்போர்க் காலத்துக் கப்பல் என்பதால், இதை வைத்து நார்த் கரோலினாவின் கவசத்துக்கு மதிப்பெண் போட முடியாது. அன்றைக்கு வென்றது ரேடாரும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த அட்மிரல் வில்லிஸ் லீயும்.

சரி, அயோவா? 45,000 டன், 270 மீட்டர், 2,12,000 குதிரைத்திறன் (சவுத் டகோட்டாவில் 1,30,000), 33 நாட். பக்கக் கவசம் கிட்டத்தட்ட பழையதேதான். கூடுதல் 10,000 டன்னில் வாங்கியது வேகமும் நீண்ட குழல் பீரங்கியும். அந்தப் பீரங்கியிலும் ஒரு கூத்து நடந்தது. கப்பலை வரைந்த துறை, பீரங்கிகளைத் தாங்கிச் சுழலும் கோபுரம் உட்காரும் வட்டத்துக்கு 37 அடி 3 அங்குல விட்டம் ஒதுக்கியிருந்தது. பீரங்கித் துறை கையில் வைத்திருந்த கோபுரத்துக்கோ 39 அடி 4 அங்குலம் தேவை. இரண்டு துறைகளும் பேசிக்கொள்ளவே இல்லை! விஷயம் 1938 நவம்பரில் வெளியே வந்தது. எடை குறைந்த புதிய பீரங்கியை வடிவமைத்துத்தான் தப்பித்தார்கள்.

கெட்டிக்காரத்தனம் சவுத் டகோட்டாவில் என்றாலும், கடற்படையின் காசு என் கையில் இருந்திருந்தால் நானும் அயோவாவைத்தான் வாங்கியிருப்பேன். விமானந்தாங்கிகள் 30 நாட் வேகத்துக்கு மேல் ஓடும்போது 27 நாட் கப்பல் பின்தங்கிவிடும். போருக்குப் பின் பழைய கப்பல்களை வேகமாக்க முடியுமா என்று ஆராய்ந்தபோது செலவு கட்டுப்படியாகாமல் கைவிட்டார்கள். சவுத் டகோட்டா வகை 1947-க்குள் சேவையிலிருந்து ஒதுங்கியது. 1991 வளைகுடாப் போரில் அயோவா வகையின் மிசௌரியும் விஸ்கான்சினும் டோமஹாக் ஏவுகணைகளை ஏவிக்கொண்டிருந்தன.