7ல் முடிகிற எண் இரட்டைப்படையா? எண்பண்புக் கருவிகள் பற்றி

எண்ணைக் கொடுத்தால் அதன் பண்புகளை எல்லாம் பட்டியல் போட்டுத் தரும் தளம் ஒன்றில் போன வாரம் 147573952589676412927 என்று அடித்தேன். இரட்டைப்படை, பகாக்காரணி 2 மட்டும், வகுத்திகள் 68 என்று பதில் வந்தது. கடைசி இலக்கம் 7! எனக்குக் கோபமே வந்துவிட்டது, ஏனென்றால் வீட்டுப்பாடம் செய்கிற பிள்ளை இதை அப்படியே நம்பி எழுதிவிடும்.

என்ன நடந்திருக்கும் என்று அந்தப் பதிலே காட்டிக்கொடுக்கிறது. பிரவுசரில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை 2^53 (2இன் 53ஆம் அடுக்கு) வரை, அதாவது 9007199254740992 வரைதான் முழு எண்களை ஒன்று விடாமல் வைத்திருக்கும், அதற்கு மேலே போனால் தன்னால் வைக்க முடிகிற பக்கத்து எண்ணுக்குத் தள்ளிவிடும். நான் கொடுத்தது 2^67−1. அது 2^67 ஆகிவிட்டது. 2^67க்கு 68 வகுத்திகள் என்பது சரியான கணக்குதான், ஆனால் நான் கேட்ட எண் அது இல்லையே.

இந்த எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 1644ல் பிரெஞ்சுக் கணிதர் மெர்சென் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். 1876ல் இன்னொரு பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் இது பகு எண் என்று நிரூபித்தார், ஆனால் காரணி ஒன்றையும் காட்டாமலே. காரணிகளை 1903ல்தான் பிராங்க் நெல்சன் கோல் வெளியிட்டார்: 193707721 × 761838257287. கையால் போட்ட கணக்கு!

அப்புறம் டாரியோ ஆல்பர்னின் காரணிப்படுத்தும் கால்குலேட்டருக்குப் போனேன். இதுவும் பிரவுசரிலேயே ஓடுகிறது, ஆனால் இலக்கங்களை விழுங்குவதில்லை. 2^67-1 என்றே அடிக்கலாம். கோல் கண்ட அதே இரண்டு காரணிகள் உடனே வந்து நின்றன. கூடவே வகுத்திகளின் எண்ணிக்கை 4, அவற்றின் கூட்டுத்தொகை, ஆய்லர் சார்பு (அந்த எண்ணைவிடச் சிறியதாய், அதோடு 1 தவிர வேறு பொதுக்காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பது) எல்லாம் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது வர்க்கங்களின் கூட்டலாக எழுதிக் காட்டுவது. இந்த எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 7, அதனால் மூன்று வர்க்கங்கள் போதாது, நான்கு வேண்டும், அந்த நான்கையும் எடுத்துத் தருகிறது.

341550071728321ஐயும் கொடுத்துப் பாருங்கள். 2, 3, 5, 7, 11, 13, 17 ஆகிய ஏழு அடிமானங்களில் மில்லர்-ராபின் சோதனை (காரணி தேடாமலே பகா எண்ணா என்று வேகமாகப் பார்க்கும் முறை) வைத்தாலும் பகா எண் போலவே நடிக்கும் எண் இது. உண்மையில் 10670053 × 32010157. ஆல்பர்னின் கருவி ஏமாறவில்லை.

100 இலக்கத்தை நெருங்கினால் காத்திருக்கத்தான் வேண்டும், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், பெரிய எண்ணை உடைப்பது அவ்வளவு கடினமான வேலை. வேறு எந்தத் தளத்துக்குப் போனாலும் முதலில் 2^67−1ஐ முழு இலக்கங்களோடு ஒட்டிப் பாருங்கள், ஒற்றைப்படை என்று சொன்னால் மட்டும் மேலே படியுங்கள்.