சத்தம் போடும் போர்வை: மூன்று வருட அனுபவம்

"மாமா, அந்த வெள்ளிக் கலர் போர்வை விலை இறங்கியிருக்கு. வாங்கிரவா?" தங்கச்சி மகன் மதுரையில் படிக்கிறான். கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் இருந்து, வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக இறங்கி, பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரைக்குப் போகக் கூட்டாளிகளோடு திட்டம் போட்டிருக்கிறான். போனில் சொன்னால் பாதியில் "சரி மாமா" என்று வைத்துவிடுவான். அதனால் எழுதியே வைக்கிறேன்.

மலையேறுகிறவர்கள் அவசரத்துக்குப் பையில் வைத்துக்கொள்ளும் போர்வை அது. தலைமுடியை விட மெல்லிய பாலியஸ்டர் தாள், மேலே அலுமினியப் பூச்சு. எடை 60 கிராம் வந்தால் அதிகம். மடித்திருக்கும்போது சிகரெட் பெட்டி அளவுதான். உடம்புச் சூடு வெளியே போகாமல் திருப்பி அனுப்பும் என்று அட்டையில் போட்டிருக்கும். பொய் இல்லை, அனுப்புகிறது. என் சண்டை வேறு.

மூன்று வருடத்துக்கு முந்தைய மார்கழி. வெள்ளகவியில் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தோம். நாலரை மணிக்கு மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கியது. கூட வந்த நண்பனுக்குப் பாறையில் கால் பிசகி, அரை மணி நேரத்தில் கணுக்கால் வீங்கிவிட்டது. தலையில் மாட்டும் லைட்டை எடுத்தால் எரியவில்லை. பைக்குள் பட்டன் அமுங்கி, பகல் முழுக்க உள்ளேயே எரிந்து தீர்ந்திருக்கிறது. (அன்றிலிருந்து ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டுத்தான் வைக்கிறேன். நீயும் அப்படியே செய்.) பாதை ஒற்றையடி, இரண்டு பக்கமும் சரிவு. அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

அப்போதுதான் அந்தத் தாளைப் பிரித்தேன். சரசரவென்று ஒரு சத்தம்! மிக்சர் பாக்கெட்டை மைக் முன்னால் பிரித்தது மாதிரி. போர்த்திக்கொண்டால் அடங்கும் என்று நினைத்தேன். மூச்சு விட்டால் சத்தம், அவன் காலை நகர்த்தினால் சத்தம், காற்று அடித்தால் கேட்கவே வேண்டாம். எட்டு மணி வாக்கில் கீழே புதரில் ஏதோ நிற்பது போல இருந்தது. காட்டுமாடா, கேளையாடா தெரியாது. காது கொடுத்துக் கேட்கலாம் என்றால் இந்தத் தாள் விட வேண்டுமே? இரண்டு பேரும் மூச்சை அடக்கி எண்ணினோம்: ஒன்று, இரண்டு, மூன்று... ஏழில் அவனுக்கு இருமல் வந்தது. புதரில் இருந்தது என்னவென்று இன்று வரைக்கும் தெரியாது.

இரண்டாவது கோபம், ஈரம். சூட்டோடு வியர்வையையும் அது வெளியே விடாது. நடுராத்திரியில் உள்பக்கம் தொட்டால் கை நனைந்தது, சட்டை முதுகோடு ஒட்டியது. தரைக்குளிருக்கும் அது பதில் சொல்லாது. தாளுக்கு அடியில் பாறை என்றால் பாறை உன் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். எங்களைக் காப்பாற்றியது பையின் முதுகுப்பக்கம் இருந்த ஸ்பாஞ்ச் அட்டை. உருவி எடுத்து ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்தோம். அதை எந்தக் கடைக்காரரும் சொல்லி விற்கவில்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாக. விசில் கட்டாயம்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊது. கேட்டவர்கள் மூன்று முறை பதில் தருவார்கள் என்பது மலையேறுகிறவர்கள் வழக்கம். எங்களுக்கு வெள்ளகவி நாய்கள்தான் பதில் சொல்லின. போனை ஏரோபிளேன் மோடில் போடு, டவரைத் தேடியே சார்ஜ் தீரும். மேடான இடத்தில் மட்டும் ஆன் செய்து 112 முயற்சி செய். கடலைமிட்டாய் வேண்டும். பாலிதீன் உறைக்குள் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் வேண்டும். அட்டைப்பூச்சிக்கு உப்பு. லைட்டர் கொண்டுபோகாதே. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ என்ன செய்தது என்று தேனிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரு மணிக்கு மேல் மஞ்சு விலகியது. கீழே பெரியகுளம் விளக்கெல்லாம் கொட்டிக் கிடந்தது. கூப்பிட்டால் கேட்கும் போல இருந்தது, எரிச்சலாக வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: விடியும்வரை இரண்டு பேருக்கும் பல் கிட்டவில்லை. தாளை விலக்கி ஒண்ணுக்குப் போய் வந்த ரெண்டு நிமிடத்தில் உடம்பு உதறிய உதறலில், அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று புரிந்தது.

காலையில் குதிரையில் காபி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு அண்ணன் வெறுங்காலோடு மேலே வந்தார். வெள்ளகவி ஊருக்குள் செருப்புப் போடும் வழக்கம் இல்லை, மனிதருக்கு மலையும் வாசல்தான். வெயில் பட்டு மின்னிய எங்களைப் பார்த்துக் குதிரை கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. "தம்பி, மொதல்ல அதைச் சுருட்டுங்க, மாடு குதிரை என்னத்துக்கு ஆகும்" என்றார். சுருட்டினேன். அதுதான் மூன்றாவது கோபம். சிகரெட் பெட்டியில் இருந்து வந்தது இப்போது தலையணை. மடிப்பில் எல்லாம் பூச்சு உதிர்ந்திருந்தது. முள்ளில் மாட்டி ஒரு மூலை கிழிய, கிழிசல் ஓடிக்கொண்டே போனது. அரை மணி நேரம் புதரில் வெள்ளித் துணுக்கு பொறுக்கினேன். கொடைக்கானலுக்குத் தண்ணீர் பாட்டிலே கொண்டுபோகக் கூடாது என்று வண்டியை நிறுத்திச் சோதிக்கிறார்கள். நான் சோலைக்குள் ஜிகினா தூவிவிட்டு வந்தால் நியாயமா?

திண்டுக்கல்லில் வாங்கிய பெரிய கறுப்புக் குப்பைப் பையை, முகத்துக்கு மட்டும் ஓட்டை போட்டு, அடுத்த மழையில் போட்டுப் பார்த்தேன். காற்றும் மழையும் உள்ளே வரவில்லை, சத்தமும் பாதிதான். எடைதான் கொஞ்சம் அதிகம்.

ஆகவே மருமகனே, அந்தப் போர்வையை வாங்காதே. அஞ்சுக்கு ரெண்டு மதிப்பெண், அதுவும் காலை வரைக்கும் உயிரோடு வைத்ததற்காக. விலை இறங்கியதும் நான் ரெண்டு வாங்கிவிட்டேன், பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து ஒன்றை எடுத்துக்கொள். திருப்பித் தரும்போது கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, துண்டெல்லாம் சேர்த்து முழுசாகக் கொண்டுவா.